லான்சர் குலம்: பந்தயச் சேற்றிலிருந்து ஸ்ரீரங்கத்து வீதி வரை

"தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்" என்று ஒரு பழமொழி உண்டு. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் குடம் விளக்கும் தாயின் கைச் சுறுசுறுப்பைக் கண்டாலே மகளின் வளர்ப்பு விளங்கிவிடும் என்பது முன்னோர் கண்ட அனுபவம். மோட்டார் உலகத்தில் இந்தப் பழமொழி சில காலம் சட்டமாகவே இருந்தது என்றால் பலர் வியப்படையக்கூடும். பந்தயச் சேற்றில் ஓடும் காரும் கடையில் விற்கும் காரும் ஒரே குலமாக இருக்க வேண்டும் என்று விதி வகுத்திருந்தார்கள். அந்த விதியால் பிறந்து, புகழின் சிகரம் ஏறி, விதி தளர்ந்ததும் மெல்ல மறைந்தது ஒரு ஜப்பானியக் கார் வம்சம். அதற்கும் திருச்சிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், ஒரு வீட்டுத் திண்ணை ஓரமாக, பழைய மிட்சுபிஷி லான்சர் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். 1999-ல் ஒரு டாக்டரோ பாங்கி அதிகாரியோ ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. சொந்தக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வண்டி இன்னும் பெறவில்லை. காவிரிப் பாலத்தைக் கடந்து சத்திரம் பஸ் நிலையம் வரையிலும், விசேஷ நாட்களில் சமயபுரம் வரையிலும் போய் வருகிறது.

இந்த வண்டிக்கு மூன்று கவலைகள். 15 ஆண்டு கடந்த சொந்தக் கார்களின் பதிவைப் புதுப்பிக்க முன்பு ரூ.600 கட்டணம் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது ரூ.5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்போ 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு ரூ.10,000 என்று விதித்தது. இது முதல் கவலை. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து விற்பது நாடெங்கும் 2025-ல் நடைமுறைக்கு வந்தது இரண்டாவது கவலை. வண்டியைச் செய்த கூட்டு முயற்சியே கலைந்துபோனதால் உதிரி பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது மூன்றாவது.

காயலான் கடைக்கு அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த வண்டி யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பது நல்லது.

பாட்டன் பெயர் பெற்ற இடம்

மிட்சுபிஷி மோட்டார் கம்பெனி முதல் லான்சரை 1973-ல் வெளியிட்டது. சிறிய, சாமான்யமான குடும்பக் கார். அதற்குப் புகழ் தேடித் தந்தது ஜப்பான் அன்று, கிழக்கு ஆப்பிரிக்கா.

ராலி என்பது வட்டப் பாதையைச் சுற்றிச் சுற்றி வரும் பந்தயமன்று. காடு மேடு, கல் மண், பனி, சேறு என்று உள்ளபடியே உள்ள சாலைகளில் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓட வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் மற்றொருவர் உட்கார்ந்து, அடுத்த திருப்பம் இடமா வலமா, சாய்வு எவ்வளவு என்று வாசித்துக்கொண்டே வருவார். இந்த ஆட்டத்தில் மிகக் கடுமையானது என்று பெயர் வாங்கியது கென்யாவின் சஃபாரி ராலி.

1974-ல் அந்த சஃபாரியில் லான்சரை முதலாவதாகக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஜோகிந்தர் சிங். கென்யாவில் பிறந்த சீக்கியர். நம் நாட்டு வம்சாவளியினர். 1965-ல் வால்வோ காரில் ஏற்கெனவே சஃபாரியை வென்றவர். 1976-ல் லான்சரிலேயே மீண்டும் வென்றார்; அந்த ஆண்டு முதல் மூன்று இடங்களும் லான்சருக்கே கிடைத்தன. 2013-ல் அவர் காலமானார். ஜப்பானியக் கார் ஒன்றை உலகம் மதிக்கும்படி செய்தது ஓர் இந்திய வம்சத்துக் கை என்பதை இங்கே நினைவில் வைக்கலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1968-ல் லண்டனிலிருந்து சிட்னி வரை ஒரு மகா பந்தயம் நடந்தது. கார்கள் டில்லி வழியாகப் பம்பாய் வந்து, அங்கே கப்பலேறி ஆஸ்திரேலியா சென்றன. அதில் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன் பிற்காலத்தில் மிட்சுபிஷியின் ஐரோப்பிய ராலி அணியை நடத்தும் தலைவரானார். லான்சர் குலத்தின் பொற்காலம் அவர் மேற்பார்வையில் வந்ததுதான்.

விதி பெற்ற பிள்ளை

1980-களின் முற்பகுதியில் ராலி உலகில் 'குரூப் பி' என்ற பிரிவு கோலோச்சியது. இருநூறு வண்டிகள் செய்து காட்டினால் போதும், எவ்வளவு பயங்கரமான காரையும் பந்தயத்தில் இறக்கலாம். விளைவு 1986-ல் தெரிந்தது. போர்ச்சுகலில் ஒரு கார் ஜனக்கூட்டத்துக்குள் பாய்ந்தது. பார்க்க வந்தவர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் கார்சிகா தீவில் பின்லாந்து வீரர் ஹென்றி டொய்வோனனும் அவருடைய துணைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் காரோடு எரிந்துபோனார்கள். நிர்வாகிகள் விழித்துக்கொண்டு அந்தப் பிரிவையே ஒழித்தார்கள்.

1987 முதல் 'குரூப் ஏ' விதி முதலிடம் பெற்றது. பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்ற ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அகோபில மடம் 44-வது ஜீயர் சுவாமிகளின் முயற்சியால் 236 அடி உயரத்துக்கு எழும்பிக் குடமுழுக்குக் கண்டதும் அதே 1987-ல்தான்.

புது விதியின் சாரம் எளியது. பந்தயத்தில் ஓடும் கார் மாதிரியை ஓராண்டுக்குள் 5,000 வண்டிகள் செய்திருக்க வேண்டும். 1993-ல் இது 2,500 ஆகக் குறைக்கப்பட்டது. எஞ்சினின் அடிப்படை, சக்கரங்களுக்குச் சக்தி செல்லும் முறை, உடற்கூடு எல்லாம் கடையில் விற்கும் வண்டியில் உள்ளவையாகவே இருக்க வேண்டும். பந்தயத்தில் ஜெயிக்க ஆசைப்படும் கம்பெனி, அந்த ஜெயிக்கும் சாமானைச் சாமான்ய மனிதனுக்கும் விற்றாக வேண்டும். கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்கு ஆன பிரசாதமே வரிசையில் நிற்பவர் கைக்கும் வருவதுபோல என்று சொல்லலாம்.

மிட்சுபிஷி முதலில் 'கேலண்ட் வி.ஆர். 4' என்ற பெரிய காரோடு களத்தில் இறங்கியது. இரண்டு லிட்டர் எஞ்சின். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. 1989-ல் பின்லாந்திலும் பிரிட்டனிலும் வெற்றி கிடைத்தது. 1991-ல் ஐவரி கோஸ்ட் பந்தயத்தில் கென்ஜிரோ ஷினோசுகா வென்று, உலக ராலிப் போட்டியில் வெற்றி கண்ட முதல் ஜப்பானியரானார். ஆயினும் கேலண்ட் உடல் பருத்த வண்டி. குறுகிய மலைப்பாதையில் ஆனை திரும்புவதுபோலத் திரும்பியது. அந்த ஆனையின் பலத்தை ஒரு குதிரையின் உடலில் வைத்தால் என்ன என்று பொறியாளர்கள் யோசித்தார்கள்.

அப்படித்தான் 1992 அக்டோபரில் லான்சர் எவலூஷன் பிறந்தது. எவலூஷன் என்றால் பரிணாமம். பெயரிலேயே அடுத்த தலைமுறையும் வரும் என்ற வாக்குறுதி இருந்தது.

பத்துத் தலைமுறைகள்

முதல் எவலூஷனின் சக்தி 250 குதிரை. எடை 1,240 கிலோ. வீட்டுக் காருக்கு இது அதிசயமான விகிதம். எஞ்சினில் 'டர்போ' என்ற சாதனம் இருந்தது. வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு விசிறி சுழன்று, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும், காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், சக்தி பெருகும். விதிக்குத் தேவையான 2,500 வண்டிகளைத்தான் செய்வதாகக் கம்பெனி எண்ணியிருந்தது. அவை சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்துவிடவே, மேலும் செய்ய நேர்ந்தது.

1994 ஜனவரியில் இரண்டாவது, 260 குதிரை. 1995 பிப்ரவரியில் மூன்றாவது, 270 குதிரை. 1995-ல் ஸ்வீடன் நாட்டுப் பனியில் கென்னத் எரிக்சன் எவலூஷனுக்கு முதல் உலக வெற்றியைத் தேடித் தந்தார். மறு ஆண்டு பின்லாந்தைச் சேர்ந்த டாமி மாக்கினன் ஒன்பது பந்தயங்களில் ஐந்தை வென்று உலகச் சாம்பியனானார்.

1996 ஆகஸ்டில் நான்காவது தலைமுறை வந்தது. புது உடல்; 280 குதிரை. ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அன்று அதற்கு மேல் யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஆகவே பலத்தைக் கூட்டுவதற்குப் பதில் புத்தியைக் கூட்டினார்கள். திருப்பத்தில் பின்பக்கத்து இடது சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி, வலது சக்கரத்துக்கு எவ்வளவு என்று தானே பிரித்துக் கொடுக்கும் ஒரு பொறியை அமைத்தார்கள். தேர் வடம் பிடிக்கையில் மூலை திரும்பும் இடத்தில் ஒரு பக்கத்தார் இழுத்து மறுபக்கத்தார் நிதானிப்பது ஸ்ரீரங்கத்தார் அறியாததல்ல. அந்த வேலையை இயந்திரம் செய்தது.

1998-ல் ஐந்தாவது, 1999-ல் ஆறாவது. மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றார். 1997-ல் அவர் முந்தியது ஒரே ஒரு புள்ளியில். 1998-ல் நடந்தது நாடகத்தையும் மிஞ்சும். பிரிட்டனில் கடைசிப் பந்தயம். மாக்கினன் முதல் நாளே சக்கரம் முறிந்து விலகிவிட்டார். பட்டம் ஸ்பெயின் வீரர் கார்லோஸ் சைன்ஸின் கைக்கு வந்தாயிற்று என்று எல்லாரும் நினைத்த வேளையில், முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் அவருடைய டொயோட்டாவின் எஞ்சின் நின்றுபோயிற்று. பட்டம் மாக்கினனைத் தேடி வந்தது. கம்பெனிகளுக்கான உலகப் பட்டமும் அந்த ஆண்டு மிட்சுபிஷிக்கே கிடைத்தது.

திருவள்ளூரில் பிறந்த தம்பி

அதே 1998-ல்தான் சென்னைக்கு அருகே திருவள்ளூரில், அம்பாசடர் கார் செய்து வந்த ஹிந்துஸ்தான் மோட்டார் கம்பெனி மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து லான்சரைச் செய்யத் தொடங்கியது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் டி.என். 45, டி.என். 48 எண்களோடு ஓடிய லான்சர்கள் அங்கே பிறந்தவை.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. திருவள்ளூர் லான்சரும், மாக்கினன் ஓட்டிய நான்கு, ஐந்து, ஆறாம் எவலூஷன்களும் ஒரே தலைமுறைக் கூட்டின்மேல் எழுந்தவை. டர்போவும் கிடையாது, நான்கு சக்கர இழுவையும் கிடையாது. சக்தி 87 குதிரைதான். ஆனால் எலும்பு ஒன்று. மேடு பள்ளத்தில் வண்டி அலைக்கழியாமல் நடப்பதையும், ஸ்டியரிங் கைக்கு இசைந்து திரும்புவதையும் அக்காலத்து ஓட்டுநர்கள் மெச்சினார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்தக் குடும்ப ரத்தமே. 2006-ல் வந்த 'சீடியா'வுக்கும் ஏழு முதல் ஒன்பது வரையிலான எவலூஷன்களுக்கும் இதே உறவு. தேசிய ராலிப் போட்டிகளில் சீடியாக்கள் பல ஆண்டுகள் ஓடி வெற்றி பெற்றன.

தமிழ்நாட்டின் பங்கு அதோடு நிற்கவில்லை. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். கம்பெனி. அதன் ராலி அணி லான்சர் எவலூஷன் கார்களை ஆசிய பசிபிக் போட்டிகளில் ஓட்டியது; 2010-ல் ஜப்பானியர் கட்சுஹிகோ டகுச்சி அந்த அணிக்காக ஓட்டிப் பட்டம் வென்றார். பின்னர் ஸ்கோடா கார்களுக்கு மாறிய அதே அணியில் டில்லி வீரர் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் பட்டம் பெற்றார். 2019-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் பந்தயக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அந்தக் கம்பெனியின் டயர் தொழிற்சாலை ஒன்று திருச்சியிலிருந்து சென்னை போகும் சாலையில், பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் இருக்கிறது. ராலியைக் கண்ணால் காணாத ஊர்க்காரர் பலருக்கு அந்த ரப்பர் சோறு போடுகிறது.

விதி தளர்ந்தது, குலம் தளர்ந்தது

1997-ல் உலக ராலி நிர்வாகிகள் 'உலக ராலிக் கார்' என்ற புதுப் பிரிவை அனுமதித்தார்கள். பந்தயத்துக்கென்று தனியாகக் கார் செய்துகொள்ளலாம். அதே சாமானை 2,500 பேருக்கு விற்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. புதிய கம்பெனிகளைப் பந்தயத்துக்கு இழுக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். போட்டியாளரான சுபாரு உடனே மாறிக்கொண்டது. மிட்சுபிஷி மட்டும் 2001 வரை பழைய விதியிலேயே நின்று, கடைக் காரோடு பந்தயக் காரோடு என்று இரண்டு களத்திலும் ஒரே குலத்தை ஓட்டி, அதிலேயே பட்டமும் வென்றது.

2001 பிப்ரவரியில் ஏழாவது எவலூஷன் வந்தபோது உடல் பெருத்திருந்தது. 2003-ல் எட்டாவது, 2005-ல் ஒன்பதாவது. இவை மோசமான கார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கடைக்கு வந்தவற்றில் ஒன்பதாவதே சிறந்தது என்பாரும் உண்டு. ஆனால் 2001 இறுதியில் பந்தயத்துக்கென்று தனிக் கார் செய்யத் தொடங்கியதும் தாய்க்கும் பெண்ணுக்கும் இடையே சுவர் எழும்பிவிட்டது. தனிக் கார் பழைய வெற்றிகளைக் காணவில்லை. 2005 டிசம்பரில் மிட்சுபிஷி உலக ராலியிலிருந்து விலகியது.

2007 அக்டோபரில் பத்தாவது எவலூஷன் வந்தபோது உலக ராலியில் மிட்சுபிஷி அணியே இல்லை. ஒன்பது தலைமுறை உழைத்த '4ஜி63' என்ற இரும்பு எஞ்சினுக்குப் பதிலாக அலுமினிய எஞ்சின். எடை 1,500 கிலோவுக்கு மேல். 2010-ல் இந்தியாவுக்கும் இறக்குமதியாகி வந்தது. விலை அரைக் கோடி ரூபாய் அளவில் இருந்ததால் சாமான்யர் கைக்கு எட்டவில்லை. 2015-ல் ஜப்பானில் 1,000 வண்டிகள் மட்டும் கடைசிப் பதிப்பாக விற்கப்பட்டன. பெயரில் இருந்த பரிணாமம் அங்கே முற்றுப்பெற்றது.

காட்டியதும் மறைத்ததும்

பந்தயச் செலவும் புகைக் கட்டுப்பாடும் மட்டும் இந்தக் குலத்தை முடித்துவிடவில்லை. 2000-ல் ஒரு பெரிய உண்மை வெளிவந்தது. வாடிக்கைக்காரர்கள் அனுப்பிய குறைகளை அரசாங்கத்துக்குத் தெரிவிக்காமல், வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்யாமல், கம்பெனி இருபது ஆண்டுகளுக்கு மேலாக மறைத்து வந்திருந்தது. தலைவர் பதவி விலகினார். 2004-ல் மேலும் மறைவுகள் வெளியாயின. 2016-ல் ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கையே திரித்தது அம்பலமாயிற்று. அந்த ஆண்டே நிசான் கம்பெனி 34 சதவீதப் பங்கை வாங்கி மிட்சுபிஷியைத் தன் கூட்டணிக்குள் கொண்டுவந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ராலியில் எந்தக் குறையையும் மறைக்க முடியாது. அச்சு முறிந்தால் ஆயிரம் பேர் பார்க்க முறியும். அந்தக் களத்தில் தன் காரை நிறுத்திப் பெயர் வாங்கிய அதே கம்பெனி, அலுவலக அலமாரிக்குள் குறைகளைப் பூட்டி வைத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. சேற்றில் சம்பாதித்ததைக் காகிதத்தில் தொலைத்தார்கள்.

இந்தியாவிலும் கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. அம்பாசடரே 2014-ல் நின்றுபோயிற்று. திருவள்ளூர்த் தொழிற்சாலைக்குப் பிரெஞ்சுக் கூட்டாளி கிடைத்தார். 2021 முதல் அங்கே சிட்ரோயன் கார்கள் வெளிவந்தன. தொழிற்சாலை பிழைத்தது, தொழிலாளிகளுக்கு அது நன்மையே. ஆனால் லான்சர் வாங்கியவருக்கு? விற்றவர் வேறு, கட்டடத்தில் இருப்பவர் வேறு என்றாகிவிட்டது. 2021-ல் போர்டு கம்பெனி மறைமலைநகரில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, இதே கலக்கம் இன்னும் பெரிய அளவில் ஏற்பட்டது. இந்தியாவின் கார் நகரம் என்று சென்னைக்குப் பெயர் உண்டு. கார் செய்வதில் பெருமை இருக்கலாம். செய்த காரைக் காப்பாற்றும் பொறுப்பு யாருடையது என்பதற்கு அந்தப் பெருமை பதிலாகாது.

2024 பிப்ரவரியில் 'மிட்சுபிஷி டி.வி.எஸ்.ஸோடு சேர்கிறது' என்ற செய்தி வந்தபோது, திருச்சி டி.வி.எஸ். டோல்கேட் பக்கத்தில் பழைய லான்சர்க்காரர் யாரேனும் மகிழ்ந்திருக்கலாம். மகிழ்ச்சிக்கு இடமில்லை. சேர்ந்தது மிட்சுபிஷி கார்ப்பரேஷன் என்ற வியாபார நிறுவனம். கார் செய்யும் மிட்சுபிஷி மோட்டார்ஸ் வேறு. அது பங்கு வாங்கியதும் கார் விற்பனை, பழுதுபார்ப்புத் தொழிலில்தானே தவிர, லான்சர் திரும்பி வருவதற்கல்ல.

இன்றைய வழக்கு

இனிச் சித்திரை வீதிக்குத் திரும்பலாம். அரசாங்கத்தின் வாதத்திலும் நியாயம் உண்டு. பழைய வண்டிகள் அதிகப் புகை கக்கும்; விபத்தில் உயிர் காக்கும் வசதிகள் அவற்றில் குறைவு. 2020 ஏப்ரல் முதல் அமலான 'பி.எஸ். 6' விதிக்கு உட்பட்ட புதுக் காரோடு ஒப்பிட்டால் 1999 லான்சர் குற்றவாளிதான்.

எத்தனால் விஷயத்திலும் அப்படியே. 2014-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவிலேயே இருந்தது. அது இருபதாக உயர்ந்ததால் அன்னியச் செலாவணி மிச்சம். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒரு புதுச் சந்தை. காவிரிக் கரை விவசாயிக்கு இதில் லாபம் இருந்தால் ஸ்ரீரங்கத்துக் கார்க்காரர் அதைக் குறைகூற முடியாது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று அமைந்து பத்துச் சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில், இருபது சதவீதக் கலப்பால் ஓடும் தூரம் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் நீதி ஆயோக் அறிக்கையே சொன்னது. பழைய வண்டிகளில் சில ரப்பர்ப் பாகங்களை 20,000 அல்லது 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற நேரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொண்டது. மாற்றுவது சுலபம், செலவும் குறைவு என்பது அமைச்சகத்தின் சமாதானம். பாகம் கிடைக்கும் வண்டிக்கு அது சரி. பாகம் கிடைக்காத வண்டிக்கு? எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

எத்தனால் தன்னளவில் எஞ்சினுக்குப் பகையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் ஆக்டேன் அளவு பெட்ரோலைவிட உயர்ந்தது. எவலூஷன் போன்ற டர்போ கார்களை வைத்திருப்பவர்கள் மேல்நாடுகளில் எத்தனாலை விரும்பியே ஊற்றுவதுண்டு. ஆனால் அவர்கள் எரிபொருள் குழாய் முதல் எஞ்சின் கணக்கு வரை அதற்கேற்ப மாற்றிக்கொண்ட பின்பே ஊற்றுகிறார்கள். சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் வயிற்றைப் பழக்குகிறார்கள். இங்கே சாப்பாடு முந்திவிட்டது.

வயதா, நிலைமையா?

கட்டணமோ வண்டியின் வயதைப் பார்க்கிறது, நிலைமையைப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றிய இருபத்தைந்து வயது லான்சரும், கவனிப்பாரற்றுப் புகை கக்கும் அதே வயதுக் காரும் ஒரே ரூ.10,000-தான் கட்ட வேண்டும். முதியவர் என்பதற்காக ஒருவரை நோயாளி என்று எழுதிவிட முடியுமா? புகையை அளக்கவும் பிரேக்கைச் சோதிக்கவும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. சோதனை கடுமையாக இருக்கட்டும். தேறிய வண்டிக்குக் கட்டணம் குறையட்டும். தேறாதது காயலான் கடைக்குப் போகட்டும். அதுவே வழக்குக்குப் பொருத்தமான தீர்ப்பு.

எரிபொருளிலும் நடுவழி உண்டு. பெரிய நகரங்களில் சில பங்குகளிலாவது குறைந்த கலப்புள்ள பெட்ரோலைச் சற்று அதிக விலைக்கு விற்கலாம். எத்தனால் திட்டம் அதனால் குலையாது. பழைய வண்டிகள் எண்ணிக்கையில் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டுதான் வரும். உதிரி பாகத்துக்கும் ஒரு விதி தேவை. நாட்டை விட்டுப் போகும் கம்பெனி, விற்ற வண்டிகளுக்கு இத்தனை ஆண்டுகள் பாகம் தர வேண்டும், முடியாவிட்டால் வரைபடங்களை இங்குள்ள பட்டறைகளுக்குத் தர வேண்டும் என்று சட்டம் இருந்தால் எவ்வளவோ சங்கடம் தீரும்.

வரைபடம் கிடைத்தால் செய்து காட்டத் திருச்சியில் கைகள் இருக்கின்றன. பொன்மலை ரயில்வே பட்டறை அதற்குச் சாட்சி. நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களுக்குப் பாகம் தேடி அலைவதற்குப் பதில், அதே மாதிரி எஞ்சின்களைப் புதிதாகவே அங்கே செய்து கொடுத்தார்கள். நீராவி எஞ்சினையே வார்த்தெடுத்த ஊருக்கு லான்சரின் ஒரு குழாயும் வளையமும் பெரிய காரியமல்ல. அனுமதியும் அளவும்தான் வேண்டும்.

இந்தக் கதையில் கடைசியாக ஒன்று. மாக்கினன் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் டொயோட்டா ராலி அணிக்குத் தலைவரானார். 2020-ல் அந்தக் கம்பெனி 'ஜி.ஆர். யாரிஸ்' என்ற சிறு காரை வெளியிட்டது. ராலிக்காகவே சிந்தித்துச் செய்து சாமான்யருக்கும் விற்ற கார். அதை உருவாக்குவதில் மாக்கினனுக்கும் பங்கு இருந்தது. லான்சரின் வித்தை அழியவில்லை, வேறு வீட்டில் போய்ப் பிறந்தது.

ஒரு நல்ல விதி 2,500 என்ற ஓர் எண்ணைக் கொண்டு ஒரு குலத்தையே படைத்தது. விதி தளர்ந்ததும் அந்தக் குலம் குன்றியது. கார்களின் தலையெழுத்தை எழுதுவது எஞ்சினியர்கள் மட்டுமல்ல, விதி எழுதுகிறவர்களும்தான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். பழைய வண்டிகளுக்கு விதி எழுதும் அதிகாரிகள் பேனாவை எடுக்கும் முன் ஒரு தடவை ஸ்ரீரங்கத்துக்கு வந்து, அந்த லான்சரின் முன்மூடியைத் திறந்து பார்க்கட்டும். வயதை ஆர்.சி. புத்தகம் சொல்லும். ஆரோக்கியத்தை எஞ்சின்தான் சொல்லும்.